காற்றை ஏவல் கொண்ட கலம்



பத்தாம் ஆண்டு விழாவில் கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "கோமதியம்மன் சந்நிதியில் கடல் ஏது?" என்றார் நண்பர் ஒருவர். கடல் இல்லை; தறி உண்டு. பாயும் துணிதானே!

ஐ.என்.எஸ். தரங்கிணி, இந்தியக் கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பல். கோவாவில் கட்டப்பெற்று 1997 நவம்பர் 11ஆம் நாள் படையில் சேர்ந்தது. நீளம் 54 மீட்டர், மரங்கள் மூன்று, பாய்கள் இருபது. 2003இல் கொச்சியிலிருந்து புறப்பட்டு, உலகை வலம்வந்து 2004இல் திரும்பியது. அவ்வாறு வலம்வந்த முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் இதுவே. தரங்கிணி என்னும் வடசொல் ஆற்றைக் குறிக்கும். கடலோடும் கலத்திற்கு ஆற்றின் பெயர்!

எந்திரம் இருக்கப் பாய் எதற்கு? இக்கலத்திலும் எந்திரம் உண்டு. ஆனால் எந்திரக் கப்பலில் நிற்கும் மாணவனுக்குக் காற்று என்பது கருவி காட்டும் ஓர் எண். இங்கோ அவன் கயிற்றேணியில் உயர ஏறி, குறுக்கு விட்டத்தில் வயிற்றைச் சாய்த்து, காலடியில் ஆடும் கயிற்றில் நின்று பாயைச் சுருட்ட வேண்டும். எதிர்க்காற்றில் நேரே செல்ல இயலாது. வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும். திருப்பும்பொழுது பல கைகள் ஒருசேரக் கயிறு இழுக்க வேண்டும். ஒருவன் பிந்தினாலும் பாய் படபடத்து அவன் பிழையை ஊரறியச் சொல்லிவிடும்.

சங்கப் புலவர் பாய்மரத்தைக் கூம்பு என்றனர். பாயை இதை என்றனர். கலஞ்செலுத்துவோனை நீகான் என்றனர். கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு நாவாய் ஓட்டியதைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணியும் நம்மூர்போலக் கடற்கரை ஊரன்று என்பதை நண்பருக்கு நினைவூட்டுகிறேன். நாமோ வாழ்க்கையை ஓடம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று கேட்பதில்லை. என் கவிதைகளும் இதற்கு விலக்கல்ல.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டியவர்களின் நாவில் அத்தகைய சொற்கள் புழங்கின. தோணிகளில் எந்திரம் ஏறியபின் கயிறுகளின் பெயர்கள் பேச்சிலிருந்து நழுவத் தொடங்கின. முதியோர் சிலரேனும் சொல்லக்கூடும். அவர்களைக் கேட்டு எழுதிவரப் போகிறேன். இரண்டு குறிப்பேடுகள் வாங்கி வைத்திருக்கிறேன். உடன்வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.