ஒரே மண்டபம், இரு தீர்ப்புகள்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கொழும்புக்குச் செல்வோர், காலிமுகத்திடலின் வடகோடியில் தூண்கள் அணிவகுத்து நிற்கும் பெருங்கட்டிடத்தைக் காணாதிருக்க முடியாது. அதுவே பழைய பாராளுமன்றம். சட்டநிரூபண சபைக்கென ஆங்கிலேயர் எழுப்பிய அதனை, 1930ம் ஆண்டு சனவரி 29ந் திகதி தேசாதிபதி சேர் ஹேர்பேட் ஸ்ரான்லி திறந்துவைத்தார். 1931 முதல் அரசாங்க சபையும், 1947 முதல் பிரதிநிதிகள் சபையும் அங்கே கூடின.

அதன் வளவில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் சிலை நிற்கின்றது. 1919ல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர். மேல்மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்குக் காப்பாற்றப்படாமையால், 1921ல் அவரே அக்காங்கிரசை விட்டு விலகினார். கட்டிடம் திறக்கப்படுமுன்னரே, 1924ல் மறைந்தார். மீறப்பட்ட வாக்குறுதியின் சாட்சியாகவே அச்சிலையை நாம் காண்கின்றோம்.

மண்டபத்தினுள் நடந்தது யாது? சிங்களத்தை ஆட்சிமொழியாக்க ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்த பிரேரணை, 1944 மே மாதத்தில் விவாதிக்கப்பட்டது. தமிழையும் சேர்க்குமாறு வி. நல்லையா திருத்தம் கோரினார். திருத்தப்பட்ட பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று. இரு மொழிக்கும் சமஉரிமை என்பதே அன்றைய தீர்ப்பு.

பின்னர் வந்த சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ம் பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்றது. ஆயினும் 1948ல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1947ல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் வீற்றிருந்த சபையில், 1952ல் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. காகிதத்திற் காவல் இருந்தது, காக்கப்பட்டவர் எவருமிலர்!

1956 யூன் 5ந் திகதி, தனிச்சிங்கள மசோதா அதே மண்டபத்திற் புகுந்தது. எதிரே காலிமுகத்திடலில், திரு. செல்வநாயகம் தலைமையிற் சத்தியாக்கிரகஞ் செய்தோரைக் காடையர் தாக்கினர். 1944ன் தீர்ப்பைப் பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த மண்டபம் தானே கிழித்தெறிந்தது.

1982ல் பாராளுமன்றம் கோட்டைக்குப் பெயர்ந்தது. பழைய கட்டிடம் சனாதிபதி செயலகமாயிற்று. தமிழும் ஓர் அரசகரும மொழி என அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987லேதான். 1956ல் இழைத்த தவறை ஏட்டளவில் திருத்தவே முப்பத்தொரு ஆண்டுகள்! இடையில் சிந்திய இரத்தத்துக்கும் கண்ணீருக்கும் கணக்குண்டா? 2022ல் அதே திடலில், அதே கட்டிடத்தின் வாயிலில், பல இனத்தவரும் ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்டனர். உள்ளே நீதி கிடைக்காதவிடத்து மக்கள் வெளியே திரள்வர் என்பதை அவ்விடம் இரு முறை கண்டுவிட்டது.

நண்பர்களே! கல்லும் தூணும் நீதியைக் காக்கமாட்டா. ஒரு சபை உயர்த்திய கைகளால் வந்த உரிமை, மற்றொரு சபை உயர்த்தும் கைகளால் போய்விடும். ஆதலின் நாம் வேண்டுவது இன்னுமொரு வாக்குறுதியன்று. எந்தப் பெரும்பான்மையின் கைக்கும் எட்டாத அரசியலமைப்புக் காப்பு. அதனைப் பெறும்வரை நம் கோரிக்கை ஓயாது.