காற்றுக்கு விலை, மண்ணுக்கு யார் பட்டா?

(திருத்தணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காற்றுக்கும் சந்தை வந்தாச்சு. ஆலைக்காரன் புகை விடுவான். ஈடாக வேறெங்கோ மரம் வளர்க்கப் பணம் தருவான். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கார்பன் கிரெடிட். சட்டம் கட்டாயப்படுத்தாமலே கம்பெனிகள் வாங்குகின்றன. இந்திய அரசும் 2023இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது.

வெயிலில் நாற்று நடுவதும் செங்கல் சூளையில் வேகுவதும் நம்ம ஜனம். மரம் வேணாம்னு நாம சொல்லல. காசு யாருக்கு? பட்டா வச்சிருக்கிறவனுக்கு.

செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நிலம் தர ஆணை வந்தது. பிறர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அது யார் கையில்? காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

அபகரித்தவனே அந்த மண்ணில் மரம் நட்டு, பல பத்தாண்டு ஒப்பந்தம் போட்டுக் காசு வாங்கினால், மீட்பு இன்னும் தள்ளிப் போகும். ஆடு மேய்க்கும் புறம்போக்குக்கும் வேலி விழும்.

ஆகவே, ஊர்தோறும் பழைய ‘அ’ பதிவேட்டைக் கேளுங்க. 1960 வரை நம்ம தாலுகா சித்தூரோடு இருந்தது. அந்தப் பக்கமும் தேடுங்க. பஞ்சமி நிலம் மீட்கப்படும் வரை அதில் கார்பன் ஒப்பந்தம் கூடாது. கிராம சபை சம்மதமில்லாமல் புறம்போக்கில் வேலி கூடாது.

இந்த மலைக்கு 365 படி. நமக்கு முதல் படி, பட்டா.