நிறுத்தச் சொல்லும் உரிமை

காவிரி இரு கையாய்ப் பிரிந்து அணைத்து நிற்கும் இந்தத் தீவில் நாம் கூடியிருப்பது பொருத்தமானதுதான். 1610 இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டு தசராவைத் தொடங்கியது இங்கேதான். 1638 முதல் 1659 வரை இங்கிருந்து ஆண்ட கண்டீரவ நரசராஜர், அடையாளம் மறைத்துத் திருச்சிராப்பள்ளிக்குப் போய் அந்த அரசவையின் பெருமல்லனை வீழ்த்தித் திரும்பினார் என்பது மைசூர் மரபுக்கதை. அதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது இன்றைய வேலை அன்று. ஒன்றை மட்டும் கவனிப்போம். மற்போர் பற்றிய நம் நினைவில் வென்றவனும் தோற்றவனும் இருக்கிறார்கள். பிசகிய தோளை ஏற்றியவர் யார், “இன்றைக்கு நீ களத்தில் இறங்க வேண்டாம்” என்று மல்லனைத் தடுத்தவர் யார் என்பதற்கு அந்தக் கதைகளில் இடமில்லை. பெயர் தங்காத அந்த மனிதரைப் பல்கலைக்கழகத்தில் பயிற்றி, தேர்வு வைத்து, சான்று கொடுத்து, ஆடுகளத்தின் ஓரத்தில் நிறுத்துவது எப்படி என்பதே இக்கருத்தரங்கின் பொருள்.

அந்த அறிவு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், மல்லர்களை வகை பிரித்து அவர்களுடைய உணவையும் பயிற்சியையும் தனியே பேசுகிறது. விஜயதசமியன்று மைசூர் அரண்மனையில், விரல்முட்டியில் கருவி அணிந்து மோதும் வஜ்ரமுஷ்டி ஆடும் ஜெட்டிகள் பரம்பரை மல்லர்கள். அந்தச் சமூகத்தார் உடம்பு பிடித்துவிட்டு, தைலம் தேய்த்து, நரம்பு வலி போக்குபவர்களாகவும் இருந்ததை 1909 இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. குமரி மாவட்டத்து ஆசான் அடிமுறையும் கற்றுத்தருவார், வர்ம மருத்துவமும் பார்ப்பார். அடிக்கக் கற்றுத்தந்த கையே அடிபட்டதையும் எடுத்தது. வஜ்ரமுஷ்டியில் இன்னொரு நுட்பமும் உண்டு: ஒருவர் தலையில் முதல் சொட்டு ரத்தம் தெரிந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வீரனின் வீம்புக்கும் கூட்டத்தின் கூச்சலுக்கும் விடாமல், கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்திடம் அந்த மரபு ஒப்படைத்திருக்கிறது.

நவீனக் கல்வி வந்தபோது இந்த ஒரே கை பலவாகப் பிரிந்தது. 1920 இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்து உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழில் வளர்ந்தது. 1961 இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் பிறந்து, கோச் என்ற தொழிலுக்கு வடிவம் தந்தது. இயன்முறை மருத்துவம் மருத்துவமனைகளின் நிழலில் தனித் துறையாயிற்று. ஒவ்வொன்றும் தன்னளவில் வளர்ந்தது, நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாகவே நின்றுவிட்டது. காயம் வராமல் காப்பது, வந்த நொடியில் இனங்காண்பது, உயிருக்கு ஆபத்தென்றால் ஆம்புலன்ஸ் வருமுன் கைகொடுப்பது, தேறியவரைப் படிப்படியாகக் களத்துக்குத் திருப்புவது ஆகிய நான்கையும் ஒருசேரக் கற்ற ஆள் நம்மிடம் அரிது. 2021 இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டத்தில் இயன்முறை மருத்துவத்துக்குத் தனி வகை உண்டு. இந்த நான்கையும் செய்யும் அத்லெட்டிக் டிரெய்னர் என்ற தொழிலுக்கு அங்கே தனி வகை இல்லை. தமிழிலும் இவருக்குப் பெயரில்லை. டிரெய்னர், கோச் இருவரையுமே பயிற்சியாளர் என்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இவ்வுரையில் இவரைக் களநலப் பயிற்றுநர் என்றே குறிப்பிடுகிறேன்.

அமெரிக்காவில் இத்தொழில் ஒரே நாளில் மதிப்புப் பெறவில்லை. அங்கும் அது வாளியும் துண்டும் தூக்கி, கணுக்காலுக்குக் கட்டுப் போடும் வேலையாகவே தொடங்கியது. 1950 இல் தேசியச் சங்கம் அமைந்தது. 1970 வாக்கில் சான்றிதழ்த் தேர்வு வந்தது. 1990 இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அதை உடல்நலத் தொழிலாக ஏற்றது. அனுபவத்தைக் காட்டியே தேர்வெழுதும் பழைய வழி 2004 இல் மூடப்பட்டது. இன்று அங்கே அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் படிப்பின் வழியாகவே சான்றிதழ்த் தேர்வு. உடற்கூறு, காயத்தை இனங்காணல், அவசர உதவி, மறுவாழ்வுப் பயிற்சி, ஆவணப் பராமரிப்பு என எல்லாவற்றையும் மாணவர் மேற்பார்வையில், உண்மையான வீரர்களிடம் பழகிக் கற்கிறார். தேர்ச்சி பெற்ற பின்னும் தொடர்ந்து படித்துச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். வரலாறு முழுவதும் ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது: கைப்பழக்கம் படிப்பாயிற்று, படிப்பு பொறுப்பாயிற்று.

பொறுப்பு என்ற அந்தச் சொல்தான் என் வாதத்தின் அச்சாணி. 1997 இன் இறுதியில், உடல் எடையைக் குறைக்கப் போராடிய மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் 33 நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். ரப்பர் உடை அணிந்து, வெப்பமான அறையில் வியர்த்து, உடலின் நீரைப் பிழிந்தெடுக்கும் பழக்கம் மற்போர் உலகில் அன்று இயல்பாகக் கருதப்பட்டது. அதன் பின் வந்த விதிகள் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தன. ஒரு மல்லர் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடையை, அவர் உடலில் நீர் போதிய அளவு இருப்பதைச் சோதித்த பிறகு மருத்துவக் குழுவே முடிவு செய்யும் என்றாயிற்று. 2016 இல் அந்நாட்டின் ஐந்து பெரிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போயின. வீரர் ஆடலாமா கூடாதா என்பதில் அணி மருத்துவரும் களநலப் பயிற்றுநரும் சொல்வதே முடிவு, கோச் அதை மாற்ற முடியாது என்று விதித்தன. கோச் கெட்டவர் என்பதால் இந்த விதி வரவில்லை. வெற்றி அவருடைய கடமை, அந்தக் கடமை அவர் கண்ணை மறைக்கக்கூடும். பழைய கரடி மனையின், அதாவது மற்போர்க் கூடத்தின், உஸ்தாதுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கும்: வைத்தியரும் அவரே, தன் சீடன் வெல்ல வேண்டும் என்று துடிப்பவரும் அவரே. மரபிலிருந்து அறிவை எடுத்துக்கொள்வோம். இந்தச் சிக்கலையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்படியொரு தொழிலை உருவாக்குவதற்கு எழும் மறுப்புகளை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் இருக்கும்போது இன்னொரு தொழில் எதற்கு என்பது முதல் கேள்வி. அவர்கள் திறமையில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலும் நோயாளி அவர்களிடம் வரும்போது காயத்துக்கு ஒரு நாளோ ஒரு வாரமோ வயதாகியிருக்கும். களத்திலோ நிமிடங்கள்தான் கணக்கு. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் மார்பில் அடிபட்டு, இதயம் நின்று விழுந்தார். அணியின் உதவிக் களநலப் பயிற்றுநர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கினார். மின்னதிர்ச்சிக் கருவியும் களத்திலேயே இருந்தது. ஹாம்லின் அதே ஆண்டில் மீண்டும் ஆட வந்தார். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கபடிப் போட்டியில் ரெய்டு போன இளைஞர் ஆட்டத்தின் நடுவே சரிந்து உயிரிழந்தார். இருவரும் சரிந்ததற்குக் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. நின்ற இதயத்துக்கு மார்பு அழுத்தமும் கிடைக்காமல் மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அந்த நிமிடங்களில் களத்தில் இருப்பவர்தான் மருத்துவர். ஒருநாள் முதலுதவி வகுப்பு போதும் என்பாருக்கும் இதுவே பதில். அந்த வகுப்பு கையைப் பழக்கும். யாரை, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெளியும் கண்ணை அது தராது.

பணம் எங்கே, வேலை எங்கே என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான கேள்வி. ஆனால் உயிர் காக்க எப்போதும் பெருஞ்செலவு தேவையில்லை. அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்கால் விழுந்த 274 பேரைப் பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குளிர்வித்தனர். அத்தனை பேரும் பிழைத்தனர். தொட்டியும் ஐஸ் கட்டியும் நம் தாலுகா ஊர்களிலும் கிடைப்பவை. உடலின் உள்வெப்பத்தை அளந்து, முதலில் குளிர்விப்பதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா என்று அங்கேயே முடிவெடுக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. தடுப்பிலும் இதே கணக்குதான். நார்வேயின் இளம் கால்பந்து வீராங்கனைகளிடம் முறையான வார்ம்-அப் பயிற்சியைச் சோதித்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கு ஒருவர் வைக்க இயலாது என்றால் தாலுகாவுக்கு ஒருவரிலிருந்து தொடங்கலாம். பெரிய போட்டி நடத்த அனுமதி கேட்பவர் சான்று பெற்ற ஒருவரை அமர்த்தியிருக்க வேண்டும் என்று விதித்தால், வேலைவாய்ப்பு தானே பிறக்கும்.

அமெரிக்கப் படிப்பை அப்படியே நகலெடுக்கிறோமா, ஆசான்களை ஒதுக்குகிறோமா என்பது கடைசி மறுப்பு. நகல் வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவம், உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் ஆகிய எந்தப் பட்டத்திலிருந்து வந்தாலும் சேரக்கூடிய ஈராண்டு முதுநிலைப் படிப்பு, களத்தில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி நேரம், நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு ஆகிய மூன்றும் நமக்குப் போதும். சென்னை அருகே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1916 இல் பிறந்த மைசூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடித்தளத்துக்குப் பஞ்சமில்லை. ஆசான்களின் பிடிமுறையும் கட்டுமுறையும் ஆய்வுக்கு உட்பட்டு, தேறியவை பாடத்தில் சேரட்டும்.

இந்த இரு நாட்களின் அமர்வுகளில் பாடத்திட்டம் பற்றிய விவாதம் நீளும் என்பதை அறிவேன். அதனோடு ஒரு கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டுகிறேன்: நாம் சான்று கொடுத்து அனுப்பும் இளைஞர் கை உயர்த்தினால் ஆட்டம் நிற்குமா? நிற்காது என்றால் அந்தச் சான்று வெறும் காகிதம். மூளை அதிர்ச்சி, வெப்பத்தாக்கு, நீரிழப்பு, தடுமாறும் இதயம், இவற்றில் எதுவும் ரத்தம் காட்டாது. ஒரு சொட்டு ரத்தத்துக்கு மைசூர் அரண்மனை முற்றம் கொடுக்கும் மரியாதையை, ரத்தம் சிந்தாத காயத்துக்கும் நம் மைதானங்கள் கொடுக்க வேண்டும். அதைக் காணக் கற்றவரையும், கண்டதும் நிறுத்தச் சொல்லும் உரிமையையும் ஒன்றாகவே உருவாக்குவோம். இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.