காற்றும் கதிரும் தரும் வாழ்வு: எந்தப் பொறியியலைப் பயில்வது?
(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்ட மேதையாக அறிந்த அளவுக்கு, மின்சாரத்தைப் பற்றிச் சிந்தித்தவராக நாம் அறிந்தோமில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கியபோது, மின்விசைக் கொள்கையும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. மலிவான மின்சாரமின்றி நாட்டில் தொழில் வளராது என்று அன்றே வாதிட்டவர் அவர்.

இன்று அம்மின்சாரம் காற்றிலிருந்தும் கதிரவனிடமிருந்தும் கிடைக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை முப்பந்தல் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. கமுதியருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. இத்தகைய இடங்களில் நம்மவர்க்கு எளிதிற் கிட்டுவது காவல் வேலையும் புல் வெட்டும் வேலையுமே. கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையப் பட்டம் வேண்டும்.

எந்தப் பட்டம்? புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பெயரிலேயே சில கல்லூரிகள் தனிப் பட்டம் தருகின்றன. விளம்பரத் தாளின் வழவழப்பில் மயங்குவோரும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் மின்னியல் மற்றும் மின்னணுப் பொறியியலை எடுப்பதே நலம் என்பது நம் துணிபு.

சூரியப் பலகை தருவது நேர்மின்சாரம். அதை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்க, மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்த, துணைமின் நிலையம் ஊருக்கு அனுப்புகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். காற்று ஓய்ந்தால் ஒன்றுமில்லை. மாலையில் கதிர் சாய, விளக்குகள் எரியத் தொடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மின்கம்பித் தொடர் தாங்கச் செய்வதே இத்துறையின் கடினமான பணி; அது மின்னியலார் பணி. இறக்கைக்கும் பல்சக்கரத்துக்கும் இயந்திரவியலாரும், அடித்தளத்துக்குக் கட்டடவியலாரும் தேவைப்படுவர்.

மற்றொரு காரணம் நமக்கே உரியது. இட ஒதுக்கீடு அரசுப் பணியில் உண்டு, தனியாரிடம் இல்லை. மின் வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்கு மின்னியல், இயந்திரவியல், கட்டடவியல் பட்டதாரிகளை அழைத்து வந்துள்ளனர். புதுப்பெயர்ப் பட்டத்தை ஏற்பார்களா என்று அலுவலக வாயிலில் நின்று வழக்காட நம் பிள்ளைகளுக்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை. ஆற்றல் துறைச் சிறப்புப் படிப்பை முதுநிலையில் பயிலலாம். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனமும் பயிற்சி அளிக்கிறது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். ஆதிதிராவிட மாணவர்க்குரிய உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் உள்ளது. அவ்வழிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றோர் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு ஒரு சொல். பதினோராம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள். “உனக்குக் கணக்கு வராது” என்று எவரேனும் வேறு பிரிவுக்குத் தள்ளினால், கையெழுத்திடுமுன் பெற்றோருடன் நம் சங்கத்துக்கு வாருங்கள்; தலைமையாசிரியரிடம் பேச நாங்கள் உடன் வருகிறோம்.