டிரிப் உணவும் கல்லீரலும்

(தங்காக் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



கையில் ஏற்றப்படும் டிரிப் எல்லாம் உணவே எனப் பலர் எண்ணுகின்றனர். சாதாரண டிரிப்பில் இருப்பவை பெரும்பாலும் நீரும் உப்பும் சிறிது சர்க்கரையுமே. குடல் இயங்காத நோயாளிக்கும் குறைமாதக் குழந்தைக்கும் சர்க்கரை, புரதம், கொழுப்பு யாவற்றையும் இரத்தக்குழாய் வழியே ஊட்டும் முறை வேறு. அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் 1968இல் அதன் வெற்றியை வெளியிட்டனர். அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம்.

எனினும் வாய்வழி உணவு நின்றால் பித்தப்பை சரிவரச் சுருங்குவதில்லை. எடுக்காது விட்ட பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாவதை நீங்கள் அறிவீர்கள். பித்தமும் அவ்வாறே தேங்கிக் குழம்பாகும். வாரங்கள் செல்லக் கல்லாகவும் கூடும். சர்க்கரை மிகுந்தால் கல்லீரலில் கொழுப்புப் படியும். குழந்தைகளுக்கோ கல்லீரலிலேயே பித்தம் தடைப்பட்டு மஞ்சள் காணும். நீடித்தால் உயிருக்கே ஆபத்து. இதற்குச் சோயா எண்ணெய்க் கொழுப்பும் ஒரு காரணம் எனக் கண்டு, இத்தகைய குழந்தைகளுக்கு மீன் எண்ணெய்க் கொழுப்பை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது.

ஆதலின், "இரண்டு கரண்டி கஞ்சி கொடுக்கலாம்" என்றோ, "சில துளி தாய்ப்பால் போதும்" என்றோ மருத்துவர் கூறினால், 'உடம்பு தேறட்டும்' என்று தள்ளிப் போடாதீர்கள். அச்சிறு அளவே பித்தத்தை அசைக்கும். ஆனால் அனுமதியின்றி எதையும் ஊட்டலாகாது, அதுவும் ஆபத்தே.

கண் மஞ்சளானாலும், மலம் வெளுத்தாலும், சிறுநீர் தேநீர் நிறமானாலும், வலப்பக்க மேல்வயிறு வலித்துக் காய்ச்சல் கண்டாலும் உடனே தாதியிடம் சொல்லுங்கள். மொழி தடையெனத் தயங்க வேண்டாம். "மாத்தா கூனிங்" என்ற இரண்டு மலாய்ச் சொற்களே போதும்.