பனியைத் தாங்கும் பனை எது?

(வீட்டுத்தோட்டப் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வீட்டுத்தோட்டம் என்றால் கோவா, கரட், லீக்ஸ் என்றுதான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு வாசலில் வைக்கிற மரத்தைப் பற்றிப் பேசுவோம். அதிலும் தென்னை, கமுகு, கித்துள் எல்லாம் சேர்ந்த பனைக் குடும்பத்து மரங்களைப் பற்றி.

2015ஆம் ஆண்டுக்குப் பிறகு தோட்டங்களில் 7 பேர்ச் காணியோடு தனி வீடுகள் கட்டினார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, “இது என் வாசல்” என்று சொல்ல ஒரு துண்டு நிலம் கிடைப்பது சின்ன விசயம் இல்லை. அங்கே ஒரு தென்னம்பிள்ளை நிற்க வேண்டும் என்று ஆசை வரும். பணியப் போய் வரும்போது ஒரு கன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நடுவோம். ஆசை நியாயமானதுதான். ஆனால் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அந்தக் கன்று என்ன ஆகும் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

தேயிலைச் செடியைப் பாருங்க. பனி சுட்டுக் கருகினாலும் வாதில் மறுபடி துளிர் வரும். கவாத்து வெட்டினாலும் வரும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு அப்படி இல்லை. அதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அந்தக் குருத்து குளிரில் செத்தால் மரமே போச்சு. அதனால் வருசம் முழுக்க எவ்வளவு குளிர் என்று பார்த்துப் பயனில்லை. சனவரி, பெப்ரவரியில் வருகிற மிக மோசமான ஓர் இரவை மரம் தாங்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்தது உயரம். 2,000 அடிக்குக் கீழே தென்னை வைக்கலாம், காயும் எதிர்பார்க்கலாம். அதற்கு மேலே போகப் போகக் காய்ப்பு குறையும். 4,000 அடிக்கு மேலே தேங்காயை மறந்துவிடுங்கள். கமுகும் ஏறக்குறைய 3,000 அடி வரைக்குந்தான் நன்றாக வரும். யாழ்ப்பாணத்துப் பனைக்கு வெயில் வேண்டும். நம்ம மலைக்கு அது ஒத்துவராது.

நடுமட்டத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நல்ல மரம் கித்துள். ஈரமும் கொஞ்சம் நிழலும் அதற்குப் பிடிக்கும். பாணியும் கருப்பட்டியும் தருகிற மரம். இரண்டு விசயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். அதன் பழம் தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வைக்க வேண்டாம். இன்னொன்று, கித்துள் உச்சியில் பூக்கத் தொடங்கி, கீழே இறங்கி இறங்கிப் பூத்து முடிந்ததும் பட்டுப் போகும்.

சரி, நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே எதை வைப்பது? என் முதல் தெரிவு சீனப் பனை. டிரக்கிகார்ப்பஸ் என்று தாவரப் பெயர். விசிறி மாதிரி ஓலை, தண்டைச் சுற்றிப் பழுப்பு நார். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் குளிரையும் வளர்ந்த மரம் தாங்கும். நம்ம பனி அதற்குப் பெரிய சோதனை இல்லை. சீனத்திலே அந்த நாரில் கயிறு திரித்தார்கள், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் அங்கியும் செய்தார்கள். நாம் படங்கு கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மரத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைப் பக்கத்துக்குக் கொண்டுபோன றொபேர்ட் ஃபோர்ச்சூன்தான் 1849இல் இந்தப் பனையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மரத்தின் தாவரப் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது.

கனரித்தீவுப் பேரீச்சையும் குளிரைத் தாங்கும். பார்க்கவும் கம்பீரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போய்விடும். அந்த மரத்தின் ஓலை 25 அடி அகலத்துக்கு விரிந்தால் கிட்டத்தட்ட 500 சதுர அடி. இன்னொரு வீடு கட்டுகிற இடம்! ஓலையின் அடியில் ஊசி மாதிரி முள்ளும் இருக்கும். அது கோயில் முற்றத்துக்கும் பாடசாலை மைதானத்துக்கும் ஏற்றது, நம்ம வாசலுக்கு இல்லை. இடமே இல்லாதவர்கள் றாபிஸ் என்ற சிறு பனையைச் சாடியில் வைக்கலாம். கடும்பனி இரவில் அதைத் திண்ணைக்குள் எடுத்துவிடலாம்.

எந்த இடத்தில் நடுவது? குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகுகிறது, நீங்கள் கண்டிருப்பீர்கள். எனவே பள்ளத்தில் நட வேண்டாம். காலை வெயில் விழுகிற, பெருங்காற்று மறைவான மேட்டுப்பக்கம் பாருங்கள். சுவரிலிருந்து 8 அடியாவது தள்ளி நடுங்கள். அடியில் தண்ணீர் நிற்காமல் கான் வெட்டிவிடுங்கள். தண்டை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

ஏப்ரல், மே மழையோடு நட்டால் அடுத்த சனவரிக்கு முன் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு மூன்று வருசம் பனி இரவுகளில் ஓலைகளைக் குருத்தோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, சாக்கால் மூடுங்கள். விடிந்ததும் திறந்துவிட வேண்டும். ஓலை கருகினால் உடனே வெட்டாதீர்கள், பனிக்காலம் முடியட்டும். நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து அழுகல் நாற்றம் அடித்தால், உள்ளே தேங்கிய நீரை வடித்துக் காயவிட்டு, செப்பு கலந்த பூஞ்சண மருந்தை லேபிளில் சொன்ன அளவில் விடுங்கள். சில மரங்கள் பிழைக்கும்.

கன்று வாங்குமுன் ஹக்கலைப் பூங்காவுக்கு ஒருநாள் பிள்ளைகளோடு போய் வாருங்கள். 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய பூங்கா அது. நம்ம குளிரிலேயே என்னென்ன மரம் நிற்கிறது என்று நேரில் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. நுவரெலியாக் குளிரில் பனை சோறு போடாது. ஆகவே ஒரு மரம் போதும், மிச்ச நிலம் மரக்கறிக்கு. ஆனால் அந்த ஒரு மரம் நம்ம பேரப்பிள்ளை காலத்திலும் நிற்க வேண்டியது. அதை விசாரித்து, பெயர் கேட்டு, பார்த்து வாங்குங்கள்.