எந்த வேலைக்கு எந்தச் சித்தி? பத்தாம் தரத்திலேயே கேட்போம்

(திருகோணமலை, ஓர்ஸ் ஹில் பகுதியில் பெற்றோர், இளைஞர் மத்தியில் ஆற்றப்பட்ட உரை)



ஓர்ஸ் ஹில் என்கிற இந்த உவர்மலைக்குக் கீழே துறைமுகம் இருக்கிறது. சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன. 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கடையிலும் மூட்டை தூக்குகிற இடத்திலும்தான் நிற்கிறார்கள். காரணம் திறமை இல்லாததல்ல. எந்த வேலைக்கு எந்தச் சித்தி வேண்டும் என்று உரிய நேரத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உரிய நேரம் என்பது உயர்தரம் முடிந்த பிறகு அல்ல. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பு, பத்தாம் தரத்திலேயே தொடங்குகிறது. ஏன் என்று பாருங்கள்.

மருத்துவராக வேண்டுமானால் உயர்தரத்தில் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கவும் உயிரியல் பிரிவுதான் வழி. பொறியியலாளராக வேண்டுமானால் இணைந்த கணிதம் வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக வேண்டுமானால் உயர்தரச் சித்தி மட்டும் போதாது. சாதாரண தரத்தில் மொழியிலும் கணிதத்திலும் திறமைச் சித்தி கேட்பார்கள், அதன் பிறகு போட்டிப் பரீட்சையும் உண்டு. பதினாறு வயதில் விட்ட கணிதம் இருபத்தைந்து வயதில் வந்து வழியை மறிக்கிறது.

மலையகத்தில் எத்தனையோ தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. பிள்ளை கலைப் பிரிவை விரும்பியா எடுக்கிறது? இருப்பது அது ஒன்றுதான் என்பதால் எடுக்கிறது. அன்றைக்கே பாதிக் கதவு மூடிவிடுகிறது. ஆகவே தமிழ் மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்பதும் நாட்சம்பளத்தைக் கேட்பதும் நமக்கு ஒரே போராட்டம்தான்.

பல்கலைக்கழகம் போக மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். அதற்கு மேல் இசற் புள்ளி தீர்மானிக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை, நுவரெலியா, பதுளை மூன்றும் அந்தப் பதினாறில் அடக்கம். உங்கள் மாவட்டம் எது என்பது உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இடையில் பாடசாலை மாற்றுகிற பெற்றோர் இதை விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு, மூன்று பாடச் சித்தியோடு கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வழி பலருக்கு உதவியிருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியர்கள் நம் பிள்ளைகளுக்கு இன்று படிப்பிக்கிறார்கள்.

சாதாரண தரம் சரிவராத பிள்ளையை “உதவாதது” என்று சொல்லாதீர்கள். 2017 இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டம் உண்டு. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். ஏற்கெனவே ஒட்டு வேலை, மின் வேலை, மேசன் வேலை செய்கிற தம்பிமார், பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலே, கைத்திறமையைக் காட்டி முன்கற்றல் மதிப்பீட்டின் மூலம் இந்தத் தகைமையைப் பெறலாம். பத்து வருடம் செய்த வேலைக்கு ஒரு கடதாசி இல்லாததால் உதவியாள் சம்பளத்திலேயே கிடக்க வேண்டியதில்லை.

பெற்றோரிடம் நாம் கேட்பது மூன்று. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பத்தாம் தரத்திலேயே பாடசாலைக்குப் போய், “என் பிள்ளை என்ன ஆகலாம், அதற்கு எந்தப் பாடம்?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். விண்ணப்பிக்கும்போது அந்த வருடத்து வர்த்தமானியைப் பார்த்து நிபந்தனைகளை உறுதிசெய்யுங்கள், அவை மாறுவதுண்டு. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் கிளைத் தலைவரிடம் வாருங்கள். சம்பளப் பிரச்சினைக்கு வருவது போலவே இதற்கும் வாருங்கள். சங்கம் அதற்காகத்தான் இருக்கிறது.